குதிரைக்கு வீட்டில் செய்யும் ஈ விரட்டியும் தின்பண்டமும்: எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வி: எங்களிடம் இரண்டு குதிரைகள் இருக்கின்றன. ஆண் குதிரைக்கு 7 வயது, பெண் குதிரைக்கு 16. ஈத் தொல்லை தாங்கவில்லை. இரண்டும் நாள் முழுக்கக் காலைத் தரையில் உதைத்துக்கொண்டே நிற்கின்றன. பெண் குதிரைக்கு அடிவயிற்றில் ரோமம் உதிர்ந்து புண்ணாகியிருக்கிறது. கடையில் வாங்கிய ஸ்ப்ரேயை அடித்தால் அதற்கு உடம்பெல்லாம் தடித்துவிடுகிறது. வினிகரும் நறுமண எண்ணெயும் கலந்து வீட்டிலேயே ஈ விரட்டி செய்யலாமா? தீனியில் பூண்டுத்தூள் கலந்தால் ஈ அண்டாது என்கிறார்கள், உண்மையா? இன்னொரு விஷயம்: என் மகள் ஓட்ஸ், கேரட், மொலாசஸ் (கரும்புச் சர்க்கரைப் பாகு) சேர்த்துக் குதிரைகளுக்கு பிஸ்கட் சுட்டுக் கொடுக்கிறாள். பெண் குதிரை சற்றுக் குண்டு, பிடரி மேடு கெட்டியாக இருக்கிறது. எத்தனை கொடுக்கலாம்?

பதில்: ஸ்ப்ரே செய்யலாம், அளவு சொல்கிறேன். பூண்டு வேண்டாம். பெண் குதிரைக்கு அந்த பிஸ்கட்டை இன்றே நிறுத்திவிடுங்கள். ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன். முதலில் உங்கள் லாயத்துக்கு வருவது எந்த ஈ என்று பார்த்துவிடுவோம். மருந்து அதைப் பொறுத்துத்தான் மாறும்.

குதிரை காலை உதைப்பது பெரிய தடயம். வீட்டு ஈ போலவே தோற்றம், ஆனால் தலையிலிருந்து ஊசி போல ஒரு குழல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் லாய ஈ. ஆண், பெண் இரண்டுமே இரத்தம் குடிக்கும். முழங்காலுக்குக் கீழேயும் அடிவயிற்றிலும்தான் பெரும்பாலும் கடிக்கும். குடித்து முடித்ததும் பக்கத்துச் சுவரிலோ வேலியிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே குதிரையின் மேல் நான்கு ஈதான் தெரிகிறது என்று நினைத்து ஏமாறக் கூடாது. சுவரையும் பாருங்கள்.

முகத்தில், கண்ணோரத்தில் மொய்ப்பவை வேறு. அவை கடிப்பதில்லை, கண்ணீரையும் எச்சிலையும் நக்கிக் குடிக்கின்றன. நல்ல வெயிலில் வந்து வெட்டியது போலக் கடித்து இரத்தம் வரவைக்கும் பெரிய ஈ குதிரை ஈ. அதில் பெண் மட்டுமே கடிக்கும். அந்திவேளையிலும் விடியலிலும் வருவது கொசுவைவிடச் சின்ன கியூலிகாய்ட்ஸ் பூச்சி. பிடரியையும் வால் அடியையும் தேய்த்துத் தேய்த்து ரோமத்தை உதிர்த்துக்கொள்ளும் குதிரைக்கு பெரும்பாலும் அதன் கடிதான் ஒவ்வாமையாகியிருக்கும். உங்கள் பெண் குதிரையின் அடிவயிற்றுப் புண்ணுக்கு லாய ஈயோ இந்தப் பூச்சியோ, இரண்டுமோ காரணமாக இருக்கலாம்.

ஒரு பாட்டிலில் வினிகரும் சர்க்கரையும் ஊற்றித் தொங்கவிட்டு, அது நிறைய ஈ செத்துக் கிடப்பதைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் அநேகம். அதில் விழுந்தவை இனிப்புக்கும் புளிப்புக்கும் வந்த ஈக்கள். இரத்தம் தேடும் லாய ஈக்கு அந்தப் பாட்டிலில் பெரிய ஆர்வம் கிடையாது. பாட்டில் நிறைந்துகொண்டே இருக்கும், குதிரை உதைத்துக்கொண்டே இருக்கும். பொறி வைப்பதாக இருந்தால் லாயத்திலிருந்து தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் இல்லாத ஈயையும் அழைத்து வந்ததாகிவிடும்.

இப்போது ஸ்ப்ரே. அரை லிட்டருக்கு அளவு இது: வினிகர் 250 மில்லி, தண்ணீர் 250 மில்லி, நறுமண எண்ணெய் எல்லாம் சேர்த்து 5 மில்லி, மென்மையான திரவ சோப்பு 5 மில்லி. எண்ணெயையும் சோப்பையும் முதலில் ஒன்றாகக் கலக்கி, பிறகு வினிகரிலும் தண்ணீரிலும் ஊற்ற வேண்டும். எண்ணெய் தண்ணீரில் கரையாது. சோப்பு இல்லாவிட்டால் மேலே மிதந்து, கடைசியில் தெளிக்கும்போது கலக்காத எண்ணெயாகத் தோலில் விழும். சோப்பு போட்டாலும் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கித்தான் அடிக்க வேண்டும்.

எண்ணெயில் சிட்ரோனெல்லா, எலுமிச்சம்புல், யூகலிப்டஸ் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். நான்கைந்தைக் கலந்தால் வேகம் கூடும் என்பது தப்புக் கணக்கு. தடிப்பு வந்தால் எது காரணம் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. சொட்டுக் கணக்கில் சொல்லும் செய்முறைகளை நான் நம்புவதில்லை. சொட்டின் பருமன் குப்பிக்குக் குப்பி மாறும். ஊசி இல்லாத சிரிஞ்சால் மில்லியில் அளந்துவிடுங்கள். 5 மில்லி என்பது அரை லிட்டரில் 1 சதவீதம். உங்கள் குதிரைக்கு ஏற்கெனவே தோல் ஒவ்வாமை இருப்பதால் அதிலும் பாதியில் தொடங்குங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் போன்ற பழத்தோல் எண்ணெய்கள் வேண்டாம். வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கக்கூடியவை அவற்றில் உண்டு.

முதலில் தோள் ஓரமாக உள்ளங்கையளவு இடத்தில் அடித்து 24 மணி நேரம் பாருங்கள். தடிப்போ சூடோ செதிலோ இல்லையென்றால் மட்டும் மற்ற இடங்களுக்குப் போங்கள். கால்கள், வயிற்றின் பக்கங்கள், கழுத்து போதும். முகத்தில் அடிக்கக் கூடாது. துணியில் நனைத்துப் பிழிந்து, கண்ணையும் மூக்கையும் வாயையும் விட்டுத் துடைத்துவிடலாம். சேணம் படும் இடத்தில் அறவே வேண்டாம். சேணத்தின் அடியில் வியர்வையும் உராய்வும் சேரும்போது, சும்மா இருந்தால் ஒன்றும் செய்யாத எண்ணெய்கூடத் தோலை எரித்துவிடும். அடிவயிற்றுப் புண்ணிலும் வினிகர் படக் கூடாது. எரிச்சலில் அது உங்களை உதைத்தால் தப்பு அதனுடையது அல்ல. புண்ணைச் சுத்தம் செய்து காயவைத்து, வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியையோ துத்தநாக ஆக்ஸைடு களிம்பையோ கனமாகத் தடவுங்கள். ஈயின் வாய் தோலை எட்டாதபடி அது ஒரு சுவராக நிற்கும்.

வேப்பெண்ணெயைத் தனிக் கலவையாகவும் பூசலாம். அரை லிட்டர் தண்ணீரில் 10 மில்லி, சோப்போடு கலந்து, மாலையில் மட்டும். பகலில் எண்ணெய் பூசிய தோல் வெயிலில் சூடேறும், தூசியும் ஒட்டும். சினைக் குதிரைக்கும் குட்டிக்கும் இந்த எண்ணெய் எதையும் மருத்துவரைக் கேட்காமல் பூச வேண்டாம்.

இந்த ஸ்ப்ரேயிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நறுமண எண்ணெய் வேலை செய்வதே ஆவியாகிப் பறப்பதால்தான்; பறந்து முடிந்ததும் பாதுகாப்பும் முடிந்தது. ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. வியர்த்தால் அதுகூட இல்லை. சவாரிக்கு முன், லாடம் அடிப்பவர் வரும் நேரத்தில், புண்ணுக்கு மருந்து போடும்போது இது உதவும். நாள் முழுக்க மேய்ச்சலில் நிற்கும் குதிரைக்கு இதை மட்டும் நம்பினால் பாவம் அது கடிபட்டுக்கொண்டே நிற்கும்.

செய்யக் கூடாதவற்றில் கறாராக இருக்கிறேன். மண்ணெண்ணெய், டீசல், ஃபினாயில் எதையும் குதிரையின் மேல் தெளிக்காதீர்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளேயும் போகும். கடை ஸ்ப்ரேயோடு வீட்டுக் கலவையைச் சேர்க்காதீர்கள். லாயத்தில் பூனை இருந்தால் டீ ட்ரீ எண்ணெயும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ள மருந்தும் அதற்கு விஷம் என்பது நினைவிருக்கட்டும். ஆண் குதிரையைப் போட்டிக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் மிளகாய் சேர்ந்த கலவையைத் தொடவே வேண்டாம். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தடை செய்யப்பட்ட பொருள். 2008 ஒலிம்பிக்கில் ஹாங்காங்கில் நடந்த குதிரையேற்றப் போட்டியில் அது கண்டறியப்பட்டுக் குதிரைகள் வெளியேற்றப்பட்டன.

பூண்டுக்கு வருவோம். பூண்டு தின்ற குதிரையை ஈ அண்டாது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. தீங்குக்குச் சான்று இருக்கிறது: பூண்டு அதிகமானால் குதிரையின் சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை வரும். உலர்த்திய பூண்டை உடல் எடையில் கிலோவுக்கு 0.2 கிராமுக்கு மேல் தினமும் கொடுத்த ஆய்வில் இது தெரிந்தது. 450 கிலோ குதிரைக்கு அது 90 கிராம். உங்கள் கரண்டி அதைத் தொடாமல் இருக்கலாம். ஆனால் பலனே இல்லாத ஒன்றுக்காக தினமும் ஏன் அந்தப் பக்கம் போக வேண்டும்? தீனியில் வினிகர் ஊற்றுவதும் இதே கதைதான். வயிற்றுப் புண் உள்ள குதிரைக்கு அமிலம் மேலும் தொல்லை தரலாம்.

உண்மையில் ஈயைக் குறைப்பது லத்தியை அள்ளுவதுதான். வீட்டு ஈ லத்தியில் முட்டையிட்டு, வெப்பமான காலத்தில் 7 முதல் 10 நாளில் புது ஈயாகப் பறந்துவிடும். தினமும் அள்ளினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். வாரம் ஒருமுறை என்பது தாமதத்தின் விளிம்பு. லாய ஈக்குப் பிடித்த பிறப்பிடம் வேறு: குதிரை சிந்திய உலர்புல்லும் மூத்திரமும் லத்தியும் கலந்து நனைந்து அழுகிக் கிடக்கும் இடம். தீவனத் தொட்டியைச் சுற்றியும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் ஒரு கம்பால் கிளறிப் பாருங்கள். புழு நெளிந்தால் உங்கள் குதிரையின் காலைக் கடிப்பது அங்கிருந்துதான் வருகிறது. நான் பார்த்த லாயங்களில் முற்றம் பளிச்சென்று இருக்கும், அந்தத் தொட்டியடி மட்டும் யாருக்கும் ஞாபகம் வந்திருக்காது. லத்திக் குவியலை லாயத்தைவிட்டுத் தள்ளி, மூடி மக்கவிடுங்கள். உள்ளே 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும் இடத்தில் புழு பிழைக்காது.

காற்றாடியை மறக்காதீர்கள். கியூலிகாய்ட்ஸ் பூச்சியால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. அந்தியிலும் விடியலிலும் குதிரையை உள்ளே கட்டி, மேலே காற்று படும்படி ஒரு மின்விசிறி வைத்தால் எந்த எண்ணெயும் செய்யாததை அது செய்யும். ஒயரைக் குதிரையின் வாய்க்கு எட்டாமல் கட்டுங்கள். முகத்துக்கு வலை முகமூடி, உடம்புக்கு மெல்லிய போர்வை. போர்வை வாங்குவதாக இருந்தால் வரிக்குதிரைக் கோடு போட்டதாகப் பாருங்கள்: கோட்டுப் போர்வை போர்த்திய குதிரைகளின் மேல் குதிரை ஈ இறங்குவது குறைகிறது என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. ஈ அருகே வரும், இறங்கும் கணத்தில்தான் தடுமாறும்.

புண் ஆறாமல் பெரிதாகி அதில் மஞ்சள் மணல் போலக் குருணை தெரிந்தாலோ, கண்ணிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டே இருந்தாலோ கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஈ புண்ணில் கொண்டுவிடும் இரைப்பைப் புழுவின் இளம்புழு அப்படிச் செய்யும்; களிம்பால் தீராது.

இனி உங்கள் மகளின் பிஸ்கட். அவளுடைய அன்பில் குறை இல்லை, பெண் குதிரையின் உடம்புதான் அதற்கு ஒத்துவராது. 16 வயது, குண்டு உடல், கெட்டியான பிடரி மேடு: மூன்றும் சேர்ந்தால் இன்சுலின் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் ஓட்ஸின் மாவுச்சத்தும் மொலாசஸின் சர்க்கரையும் லேமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சியைக் கிளப்பிவிடலாம். அது வந்தால் குதிரையால் நிற்கவே முடியாமல் போகலாம். ஒரு இரத்தப் பரிசோதனை செய்து தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை அதற்குத் தனியாகச் செய்து கொடுங்கள்: உலர்புல் குருணையைத் தண்ணீரில் ஊறவைத்து, பொடித்த ஆளிவிதை ஒரு கரண்டியும் ஒரு சிட்டிகை உப்பும் பிசைந்து, தட்டையாகத் தட்டி அன்றன்றைக்குக் கொடுக்கலாம். வெள்ளரி, செலரித் துண்டும் கொடுக்கலாம்.

ஆண் குதிரைக்கு பிஸ்கட் சரி. ஓட்ஸ் 2 கோப்பை, துருவிய கேரட் 1 கோப்பை, மொலாசஸ் 2 மேசைக்கரண்டி, பிசையத் தண்ணீர். பலரும் ஊற்றும் மொலாசஸில் இது பாதிதான். குதிரைக்கு இதுவே தித்திப்பு. 175 டிகிரி செல்சியஸில் 30 முதல் 40 நிமிடம், உள்ளே ஈரம் இல்லாமல் காயும்வரை சுட வேண்டும். உருண்டையாக வேண்டாம், கட்டைவிரல் அகலத்துக்குத் தட்டையாக, கையால் உடைத்தால் உடையும்படி இருக்கட்டும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. தொண்டையில் சிக்கியதை அதனால் வெளியே தள்ளுவது கடினம், வயிற்றுக்குள் போன கெட்டதைத் திருப்பி அனுப்பவே முடியாது. அதனால்தான் கேரட்டையும் வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் நறுக்கச் சொல்கிறோம்.

நாளைக்கு இரண்டு மூன்று துண்டு போதும். 450 கிலோ குதிரை ஒரு நாளில் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் புல்லும் தீவனமும் தின்கிறது. பிஸ்கட் அதன் ஓரத்தில் ஒரு துணுக்காக இருக்க வேண்டும். சாக்லேட், வெங்காயம், அவகாடோ, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடி, முட்டைக்கோஸ், பிசைந்த பச்சை மாவு, இயந்திரம் வெட்டிய புல் குவியல் எதையும் கொடுக்கக் கூடாது. வெட்டிய புல் ஆபத்தா என்று பலர் கேட்பார்கள். குவிந்து கிடக்கும்போதே அது புளிக்கத் தொடங்கும். மெல்லாமல் வாரி விழுங்கிய குதிரைக்குக் கடும் வயிற்றுவலி வரும்.

கோழித் தீவனத்தையோ மாட்டுத் தீவனத்தையோ பொடித்து மாவாகச் சேர்த்துவிடக் கூடாது. அவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கலாம். கோழிக்கும் மாட்டுக்கும் ஆகும் அந்த அளவு குதிரையின் இதயத்தசையைக் கெடுத்துக் கொன்றுவிடும். அந்தத் தீவனம் அள்ளிய பாத்திரத்தில்கூட மகள் மாவு பிசைய வேண்டாம்.

சுட்டதை முழுக்க ஆறவிட்டு மூடி வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். பூஞ்சை ஒரு துண்டில் தெரிந்தாலும் டப்பா முழுவதையும் கொட்டிவிடுங்கள். கொடுக்கும்போது கையிலிருந்து கொடுக்காமல் தொட்டியில் போடச் சொல்லுங்கள். கையைத் தேடிப் பழகிய குதிரை நாளடைவில் விரலையும் கடிக்கும். கொடுத்து முடித்ததும் ஈரத்துணியால் ஆண் குதிரையின் வாயோரத்தையும் தொட்டியின் விளிம்பையும் துடைத்துவிடட்டும், அங்கே ஒட்டியிருக்கும் மொலாசஸ் பிசுக்குக்குத்தான் அடுத்த அரை மணி நேரத்தில் ஈ வந்து மொய்க்கும்.