கொட்டாவியும் ஒற்றைத் தலையிடியும்: சத்திக் குளிசை எதற்கு?

சாவகச்சேரியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: "ஒற்றைத் தலையிடி வருவதற்கு முதல்நாள் பின்னேரமே எனக்குக் கொட்டாவிக்கு மேல் கொட்டாவி வரும். பிறகு ஓங்காளம், சத்தி. வைத்தியர் பனடோலோடு டொம்பெரிடோன் என்ற சத்திக் குளிசையும் எழுதித் தந்தார். தலையிடிக்கு ஏன் சத்திக் குளிசை? நாளாந்தம் போட்டால் தலையிடி வராமலே இருக்குமா?"

அந்தக் கொட்டாவியைக் கவனித்தீர்களே, நல்லது. தலையிடி வரப்போவதற்கு அது ஒரு முன்னறிகுறி; பலர் அதை நித்திரைக் குறைவு என்று விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை ஒரு தாய் தன் வருத்தத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற மகள் சொன்னாள்: "அம்மா கொட்டாவி விட்டுக்கொண்டு பனங்கட்டிக் குட்டானைத் தேடினா எண்டால், அடுத்த நாள் அறை யன்னல் எல்லாம் பூட்டுத்தான்."

கொட்டாவிக்கும் ஓங்காளத்துக்கும் பின்னால் டோபமின் என்ற மூளை இரசாயனத்துக்குப் பங்குண்டு. டோபமினைப் போல வேலை செய்யும் அபோமோர்பின் என்ற மருந்தைச் சிறிதளவு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், மற்றவர்களைவிட ஒற்றைத் தலையிடி உள்ளவர்களுக்கே அதிகம் கொட்டாவி வந்தது. அவர்களின் மூளை டோபமினுக்குக் கூடுதலாக உணர்வு காட்டுகிறது என்பது இதன் விளக்கம். ஆனால் டோபமின் கூடுவதுதான் நோய் என்று முடிவுகட்ட இயலாது. 2017இல் வெளிவந்த ஒரு சிறிய மூளைப்பட ஆய்வு, தலையிடி நேரத்தில் டோபமின் குறைவதையே காட்டியது.

சத்தியைத் தூண்டும் மூளைப் பகுதியில் டோபமினின் வேலையை டொம்பெரிடோன் தடுக்கிறது. இன்னொரு பயனும் உண்டு. தலையிடி தொடங்கினால் வயிற்றின் அசைவு மந்தமாகி, விழுங்கிய பனடோல் அங்கேயே கிடக்கும். டொம்பெரிடோன் அதைக் குடலுக்குத் தள்ளிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் நரம்பூசியாகப் போடும் இன்னொரு சத்தி மருந்தான மெற்றோகுளோபிரமைட்டோ சத்தியை நிறுத்துவதோடு தலையிடியையே தணிக்கும்.

நாளாந்தம் போட வேண்டாம். டொம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பக்கூடும். இதய வருத்தம் இருந்தாலோ, எரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி எடுத்தாலோ வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வழமையாக 10 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளைக்கு மேற்படாமல், ஒரு கிழமைக்குள் நிறுத்தவேண்டிய குளிசை இது. மெற்றோகுளோபிரமைட்டுக்கு எல்லை 5 நாள். அது இளவயதினருக்குச் சிலவேளை கழுத்தை ஒருபக்கம் இழுத்துப் பிடிக்கும். இருக்கவிடாத அந்தரத்தையும் தரும். பனடோலும் மாதத்தில் 15 நாளை எட்டினால் அதுவே தலையிடியை வளர்க்கும். அடிக்கடி வருகிறதென்றால் தடுப்புக்கென்றே வேறு மருந்துகள் உண்டு. அவற்றுள் புளூனரிசின் டோபமினையும் தடுப்பதால் மனச்சோர்வு, நடுக்கம் உள்ளவர்களுக்கு ஒத்துவராது.

கொட்டாவி வந்த நேரத்தையும் தலையிடி தொடங்கிய நேரத்தையும் நாட்காட்டியில் குறித்து வாருங்கள். கொட்டாவி நேரத்திலேயே டொம்பெரிடோன் எடுத்துத் தலையிடியைத் தடுத்த சிறிய ஆய்வுகள் உள்ளன. உங்களுக்கு அது பொருந்துமா என்று அந்தக் குறிப்பைக் காட்டி வைத்தியரிடம் கேளுங்கள். பனடோலை மட்டும் தலையிடி கடுமையாகும்வரை பிந்தவிடாதீர்கள்.

இடி விழுந்ததுபோல் திடீரென வரும் தலையிடி, கைகால் பலமிழத்தல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு: இவற்றில் ஒன்று வந்தாலும் குளிசையைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.