குக்கர் விசிலுக்குத் திரும்பினால் போதுமா?
குழந்தை வளர்ச்சி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. ‘அம்மா’, ‘தா’, ‘மா’ என ஐந்தாறு சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துச் செல்கிறான். அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார் என்று மாமியார் சொல்கிறார். குக்கர் விசில் அடித்தால் திரும்பிப் பார்ப்பதால் காதில் குறை இருக்காது என்று நம்புகிறோம். வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் ஸ்பீச் தெரபிக்கு அழைத்துச் செல்கிறோம். இரண்டு மாதமாகியும் பெரிய மாற்றம் இல்லை. வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார் உறவினர் ஒருவர். என்ன செய்வது? – வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள். குக்கர் விசில் உரத்த ஓசை. பேச்சு அதைவிட மிக மெல்லியது. ஓரளவு கேட்கும் திறன் குறைந்த குழந்தையும், அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருக்கும் குழந்தையும் விசிலுக்குத் திரும்பும். ஆனால் நீங்கள் பேசும் சொற்கள் அதன் காதில் தெளிவின்றி மங்கலாகவே விழும். குழந்தை தூங்கும்போது வலியின்றிச் செய்யக்கூடிய, செவித்திறனை அளக்கும் ‘பெரா’ பரிசோதனை இதைத் தெளிவுபடுத்திவிடும். பேச்சு தாமதமான எந்தக் குழந்தைக்கும் இதைச் செய்யாமல் பயிற்சி தொடங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

குடும்பத்தில் தாமதமாகப் பேசியவர்கள் இருப்பதும், அப்படிப்பட்ட சில குழந்தைகள் தாமாகவே தேறிவிடுவதும் உண்மைதான். ஆனால் இரண்டு வயதில் ‘பால் தா’, ‘அப்பா வா’ என இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதால், உங்கள் மகன் விஷயத்தில் காத்திருக்க நான் சொல்லமாட்டேன். அவன் தூரத்தில் உள்ள பொருளை விரலால் சுட்டிக் காட்டுகிறானா, பெயர் சொல்லி அழைத்தால் முகம் பார்க்கிறானா, முன்பு பேசிய சொல் எதையாவது இப்போது விட்டுவிட்டானா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். கையைப் பிடித்து இழுத்துச் செல்வதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். அவருக்கு இவை மிக முக்கியமான தகவல்கள்.

இரண்டு மாதத்தில் மாற்றம் தெரியவில்லை என்ற உங்கள் வருத்தம் புரிகிறது. வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் அவன் தெரபிஸ்டோடு இருக்கிறான். எழுபது, எண்பது மணி நேரம் விழித்திருந்து உங்களோடு இருக்கிறான். எனவே அந்த ஒன்றரை மணி நேரத்தில் வெளியே காத்திருக்காமல், அனுமதி கேட்டு உள்ளே உட்காருங்கள். அவர் எப்போது பேசுகிறார் என்பதைவிட, எப்போது பேசாமல் இருக்கிறார் என்று பாருங்கள். நாம் பெரும்பாலும் ‘இது என்ன? சொல்லு, சொல்லு’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். குழந்தை வாய் திறப்பதற்குள் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம்.

மூடி இறுக்கமான, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டப்பாவில் முறுக்கைப் போட்டு அவன் கையில் கொடுங்கள். திறக்க முடியாமல் உங்களிடம் நீட்டுவான். அவன் உயரத்துக்குக் குனிந்து, முகத்தைப் பார்த்தபடி மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஒரு பார்வையோ, ‘தா’ என்ற ஓர் ஒலியோ வந்தாலும், ‘திற! முறுக்கு தா!’ என்று சொல்லித் திறந்து கொடுத்துவிடுங்கள். எதுவும் வராவிட்டாலும் அதே சொற்களைச் சொல்லிக் கொடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று அழவிடுவது பயிற்சி அன்று. தெருவில் மாட்டைக் கண்டு ‘மா’ என்றால், தப்பு என்று திருத்தாமல், ‘மாடு, கறுப்பு மாடு’ என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். குளிக்கும்போது ‘தண்ணி ஊத்து’, துணி மடிக்கும்போது ‘அப்பா சட்டை’ என்று செய்யும் வேலையையே சொற்களாக்குங்கள். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. ஊட்டும்போது கைபேசியைக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். இரண்டு வயது முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியுள்ளது; பேச்சு வராத பிள்ளைக்கு அதையும் குறைப்பதே நல்லது.

தமிழை விட்டுவிடாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில்தான் தாலாட்டவும் கொஞ்சவும் கதை சொல்லவும் முடியும். பாட்டியோடு அவன் பேசப் போவதும் அதில்தான்.

செலவு சுமையாக இருந்தால், 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் செயல்படும், வளர்ச்சிக் குறைகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து பயிற்சி தரும் ஆரம்பகால இடையீட்டு மையத்தை அணுகலாம். அரசு மருத்துவமனையில் ‘டீ.இ.ஐ.சி.’ என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். பரிசோதனையும் பயிற்சியும் அங்கு இலவசம்.

கேள்வி: எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த என் பேத்திக்குப் பதினொரு மாதம் ஆகிறது. இன்னும் பிடிமானமின்றி உட்காரவில்லை. தூக்கினால் கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்கின்றன. வாக்கர் வாங்கித் தரலாமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை, முன்னதாகப் பிறந்த வாரங்களைக் கழித்தே வளர்ச்சியைக் கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் பேத்திக்கு ஒன்பது மாதம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில், பிடிமானமின்றி உட்காருவதற்கான காலம் ஏறத்தாழ நான்கு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை என்பதால், உட்காராதது மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு அவசரப்படுத்த மாட்டேன். கால்கள் பின்னுவது தசை இறுக்கத்தின் அடையாளமாக இருக்கலாம். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி, பிசியோதெரபி தேவையா என்று கேளுங்கள்.

வாக்கர் வேண்டாம். அதில் குழந்தை தொங்கியபடி விரல் நுனியால் தரையை உந்துகிறது. இறுக்கமான காலுக்கு அது கெடுதல். படியில் உருண்டு விழும் ஆபத்தும் உண்டு. கனடாவில் 2004 முதல் வாக்கர் விற்பனைக்கே தடை இருக்கிறது. நம் மரத்து நடைவண்டி வேறு. தன் காலில் நிற்கும் குழந்தை தானே தள்ளிச் செல்வது அது. அதற்குரிய காலம் வரும்போது பிசியோதெரபிஸ்டைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போதைக்கு, கால்கள் இருபுறமும் விரிந்திருக்குமாறு பேத்தியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் படுக்க வைத்து, எதிரே நீங்களும் படுத்துப் பேச்சுக் கொடுங்கள். எண்ணெய் தேய்க்கலாம், ஆனால் இறுகிய காலை இழுத்து நிமிர்த்த யாரையும் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: யு.கே.ஜி. படிக்கும் மகள் ஒரு வரி எழுதியதுமே கை வலிக்கிறது என்கிறாள். தினமும் இரண்டு பக்கம் எழுதவைக்கிறேன். சரியா? – வாசகி, மதுரை

பதில்: இரண்டு மாதம் அந்த இரண்டு பக்கத்தை நிறுத்திவையுங்கள். விரல்களுக்கு வலு வருமுன் எழுத வற்புறுத்தினால் பென்சில் மீதே வெறுப்பு வந்துவிடும். சப்பாத்தி மாவைப் பிசைந்து உருட்டட்டும், முருங்கைக்கீரை ஆயட்டும், பச்சைப் பட்டாணி உரிக்கட்டும், மாலையில் பாட்டியோடு பல்லாங்குழி ஆடட்டும். நீளப் பென்சிலுக்குப் பதில் சுண்டுவிரல் அளவு சாக்பீஸ் துண்டைக் கொடுத்துச் சுவரில் மாட்டிய பலகையில் வரையவிடுங்கள். துண்டு சிறியதாக இருந்தால் விரல் நுனிகளால்தான் பிடிக்க முடியும். பிறகும் வலி தொடர்ந்தாலோ, பொத்தான் போடவும் சிரமப்பட்டாலோ எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டுங்கள். போகும்போது அவளுடைய எழுத்து நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.