முதலில் கற்கும் நிரல்மொழி பழசாகிவிடாதா?

பைத்தான் கற்பதா, ஜாவா கற்பதா, பத்து வருடத்தில் அது வழக்கொழிந்தால் வேலை என்னாகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிரல்மொழிகள் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. 1959-இல் வடிவமைக்கத் தொடங்கிய கோபால் (ஆள் பெயர் இல்லை, மொழிதான்) இன்றும் பல வங்கிகளில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகம் (அதன் மையப் பகுதி) பெரும்பாலும் 1970களின் தொடக்கத்தில் பிறந்த சி மொழியில்தான் இருக்கிறது. புதுசு என்று எல்லோரும் நினைக்கும் பைத்தானே 1991-இல் வெளிவந்தது, ஜாவாவுக்கு அண்ணன்.

என்னைக் கேட்டால் பைத்தானில் தொடங்குங்கள். திரையில் ஒரு வரி காட்ட ஒரே வரி எழுதினால் போதும். ஜாவாவில் வழக்கமாக அதற்கே நாலைந்து வரி ஆகும். ஆறு மாதம் அதையே பிடித்துக்கொள்ளுங்கள், நடுவில் தாவ வேண்டாம். மாறி (மதிப்பை வைத்திருக்கும் பெயர்), வளையம் (ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது), செயற்கூறு (பெயரிட்டு வைத்த நிரல்துண்டு) எல்லாம் கைவந்துவிட்டால் இரண்டாவது மொழிக்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருக்காது.

சரி, வேலை? அங்கே புதிதாக எழுதுவதைவிட, யாரோ எழுதிவிட்டுப் போனதைப் படித்துப் புரிந்துகொள்ளவே அதிக நேரம் போகும். அதனால் இப்போதிருந்தே மற்றவர்களின் நிரல்களைப் படியுங்கள். அப்புறம், தகவல்களைச் சேமித்துவைக்கும் தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்கியூஎல் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எந்த மொழிக்குப் போனாலும் தரவுத்தளம் பின்னாலேயே வரும்.