நாலாவது பட்டைக்கு அவசரமா?

ரீஜனல் ஏர்லைன் என்று சொல்லப்படும் சின்ன விமானச் சேவைகளில் வேலை பார்ப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இந்த முறை. பதில் சொல்பவன் பதினோரு வருஷம் இந்தச் சின்ன காக்பிட்டுகளில் உட்கார்ந்து முதுகுவலி வாங்கியவன். விதி, மணிக்கணக்கு என்று வரும் இடங்களில் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கைத்தான் சொல்கிறேன், பெரிய கம்பெனியின் பெயரையும் நிறத்தையும் பூசிக்கொண்டு சின்ன கம்பெனி பறக்கும் இந்த முறை அங்கேதான் முழுசாக வளர்ந்திருக்கிறது. மற்ற நாடுகளில் எண்கள் கொஞ்சம் மாறும்.

கேள்வி: என் கணவர் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாக, சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. பாதி நாள் 'ரிசர்வ்' என்கிறார். வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் குளிக்கப் போனாலும் போனைக் கதவருகே வைத்துவிட்டுப் போகிறார். மகன் பிறந்த நாளுக்கு இருப்பீர்களா என்று கேட்டால் பதிலே இல்லை. இது எப்போது முடியும்?
– ஒரு விமானியின் மனைவி

பதில்: சகோதரி, அவர் வீம்புக்காகச் சொல்லாமல் இருக்கவில்லை, அவருக்கே தெரியாது. யாரோ ஒரு விமானிக்குக் காய்ச்சல் வந்தால், எங்கேயோ பனி கொட்டி ஒரு விமானம் மாட்டிக்கொண்டால், அந்த ஓட்டையை அடைப்பதற்காக உட்கார வைத்திருக்கும் ஆள்தான் ரிசர்வ். அதிலும் ஷார்ட் கால் என்றால் ஒரே நாளில் 14 மணி நேரம் வரை போனுக்குக் காத்திருக்க வைக்கலாம், கூப்பிட்டால் சீக்கிரமே யூனிஃபார்மோடு போய் நிற்க வேண்டும். குளியலறைக் கதவுக்குக் காரணம் அதுதான். லாங் கால் கிடைத்தால் கொஞ்சம் மனுஷனாக வாழலாம், டியூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

எப்போது முடியும்? அவருக்குக் கீழே ஆட்கள் சேரும்போது. இந்தத் தொழிலில் திறமையைப் பார்த்து யாரும் லீவு தருவதில்லை. சேர்ந்த தேதியை வைத்து ஒரு சீனியாரிட்டி எண் போடுவார்கள், எந்த ஊரிலிருந்து பறப்பது, எந்த விமானம், எந்த வாரம் லீவு, யார் முதலில் கேப்டன், ஆள்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே என்று எல்லாவற்றையும் அந்த எண்தான் முடிவு செய்யும். என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் வயதை வைத்து வரிசை போட்டார்கள். என்னைவிட மூன்று மாதம் மூத்தவன் ஒருவன் எனக்கு ஓர் எண் மேலே போனான். ஆறு வருஷம் புத்தாண்டு இரவில் அவனுக்கு லீவு, எனக்கு டியூட்டி. நல்லவன்தான், ஆனால் மூன்று மாதம் தாமதமாகப் பிறந்திருக்கக் கூடாதா!

கம்பெனி ஆள் எடுத்துக்கொண்டே இருந்தால் சில மாதங்களில் நிலையான அட்டவணை வந்துவிடும். ஆள் எடுப்பது நின்றுவிட்டால் வருஷக்கணக்கில் அதே இடம்தான். 2001, 2008, 2020 மூன்றிலும் அப்படித்தான் நடந்தது. இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். ரிசர்வ் மாதத்திலும் அவருடைய ஓய்வு நாட்களை முன்பே குறித்துக் கொடுப்பார்கள். பிறந்த நாள் விழாவை அதில் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள், பையனுக்குத் தேதி முக்கியமில்லை, அப்பா போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும்.

கேள்வி: 250 மணி நேரம் பறந்து கமர்ஷியல் லைசன்ஸ் வாங்கிவிட்டேன். அமெரிக்காவில் 1500 மணி நேரம் இல்லாமல் ஏர்லைனில் உட்கார முடியாது என்கிறார்கள், மற்ற பல நாடுகளில் இதே 250 மணி நேரத்தோடு ஜெட்டில் துணை விமானியின் வலது இருக்கை கிடைக்கிறது. ஏன் இந்த வித்தியாசம், மீதியை எப்படிச் சேர்ப்பது?
– பயிற்சி முடித்த மாணவர்

பதில்: தம்பி, இதற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 2009 பிப்ரவரி 12 இரவு கோல்கன் ஏர் 3407 என்ற விமானம் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. உள்ளே இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து, இறக்கைகள் தூக்கும் சக்தியை இழக்கும் 'ஸ்டால்' வரப் போகிறது என்று கண்ட்ரோல் கைப்பிடி அதிர்ந்து எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன் பின்னால் இழுத்தார். இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் போராடி 2010-ல் சட்டம் வந்தது, 2013 முதல் 1500 மணி நேரம் கட்டாயம் ஆனது. ராணுவ விமானிகளுக்கு 750, விமானவியலில் பட்டம் படித்தவர்களுக்கு 1000 என்று சலுகை உண்டு.

இதில் ஒரு விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்த விமானத்தில் இருந்த இருவருக்குமே 1500-க்கு மேல் அனுபவம் இருந்தது. அதனால் மணி நேரம்தான் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன், அதே சமயம் அது வீண் என்றும் சொல்ல மாட்டேன். மாணவனுக்குப் பறக்கச் சொல்லிக் கொடுப்பதுதான் மணி சேர்க்க எல்லோரும் போகும் வழி. ஆயிரம் மணி நேரம் பக்கத்து இருக்கையில் ஒருவன் தப்பு செய்வதைப் பார்த்து, எப்போது கை வைக்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று பழகியவன் கேப்டன் ஆனதும் அந்தப் பழக்கத்தில்தான் பிழைப்பான். அது பிடிக்காவிட்டால் பாராசூட் குதிப்பவர்களை ஏற்றிப் போவது, விளம்பரத் துணியை இழுத்துக்கொண்டு பறப்பது, நிலத்தைப் படம் எடுக்கப் பறப்பது, எண்ணெய்க் குழாய்ப் பாதையைப் பார்த்து வருவது என்று வேறு வேலைகளும் இருக்கின்றன. எதை எடுத்தாலும் சும்மா வட்டம் அடித்து லாக்புக்கை நிரப்பாதே. இன்டர்வியூவில் உட்காருகிறவர் அதே வேலையைச் செய்து வந்தவர், ரெண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: எனக்குக் கொடுத்திருக்கும் பேஸ், அதாவது டியூட்டி தொடங்கும் இடம், வேறு ஊர், குடும்பம் வேறு ஊர். வீட்டை மாற்றாமல் விமானத்திலேயே வேலைக்குப் போய் வரலாமா?
– புதிதாகச் சேர்ந்தவர்

பதில்: பாதிப் பேர் அதைத்தான் செய்கிறோம், செய்யாதே என்றும் சொல்கிறோம். மேலே சொன்ன விபத்தில் அந்த ஃபர்ஸ்ட் ஆபீசர் சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் சரக்கு விமானத்தில் ஏறி இறங்கி நியூவார்க்குக்கு டியூட்டிக்கு வந்தவர். கேப்டனும் வெளியூர்க்காரர், முந்தின இரவு க்ரூ அறையில் தூங்கியிருக்கிறார். அதற்கு அப்புறம்தான் ஓய்வு விதிகளைத் திருத்தி எழுதினார்கள், 2014 ஜனவரியிலிருந்து டியூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தடையில்லாமல் தூங்க வாய்ப்பு என்று ஆனது. ஆனால் நீங்கள் அந்த ஓய்வு நேரத்தில் வீட்டிலிருந்து பேஸுக்கு ஓடி வந்தால் அதை எந்த விதியாலும் பிடிக்க முடியாது, உங்கள் மனசாட்சிதான் பிடிக்க வேண்டும்.

வந்து போவதுதான் முடிவு என்றால் ஒரு விமானத்தை மட்டும் நம்பாமல் இரண்டுக்கு நேரம் விட்டுக் கிளம்புங்கள், காக்பிட்டில் இருக்கும் கூடுதல் இருக்கையான ஜம்ப்சீட்டை இன்னொருவர் ஏற்கெனவே கேட்டிருப்பார். காலை டியூட்டி என்றால் முதல் நாளே போய்விடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் வீட்டில் ஒரு கட்டில் பிடித்துக்கொள்ளலாம். அடுக்குக் கட்டில், யாரோ குறட்டை, ஃபிரிட்ஜில் யாருடையது என்று தெரியாத பழைய சாப்பாடு, எல்லாம் சேர்ந்ததுதான். ரிசர்வில் இருக்கும்வரை மட்டும் முடிந்தால் பேஸிலேயே குடியிருந்துவிடுங்கள். ரிசர்வும் தூரமும் சேர்ந்தால் ஓய்வு நாளெல்லாம் பயணத்திலேயே கரைந்துவிடும்.

கேள்வி: மூன்று வருஷமாக ஃபர்ஸ்ட் ஆபீசர். வலது இருக்கையில் என் எண் நன்றாக மேலே வந்துவிட்டது, வார இறுதி லீவு கிடைக்கிறது. இப்போது கேப்டனாக அழைப்பு. போனால் கேப்டன்களில் கடைசி ஆள், மறுபடி ரிசர்வ். கூட இருப்பவர்கள் 'தோள்ல கேப்டனோட நாலு பட்டை வருது, யோசிக்கிறியா?' என்று கிண்டல் செய்கிறார்கள். என்ன செய்யலாம்?
– குழப்பத்தில் ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசர்

பதில்: கிண்டல் செய்கிறவர்கள் உங்கள் ரிசர்வ் போனை எடுக்கப் போவதில்லை, முதலில் அவர்களை விட்டுவிடுங்கள்.

எனக்கும் இதே அழைப்பு வந்தது, முதல் முறை வேண்டாம் என்றேன். சொன்ன காரணம் குழந்தை, உண்மையான காரணம் பயம். அதற்கு முந்தைய மாதம் ஒரு இரவு கடைசி செக்டாரில், அதாவது அன்றைய கடைசிப் பறத்தலில், இறக்கையில் பனி படிந்திருந்தது, பனி நீக்கும் வரிசையில் எங்களுக்கு முன்னால் பல விமானங்கள், டியூட்டி நேரம் முடியப் போகிறது, பின்னால் பயணிகள் முணுமுணுக்கிறார்கள். கேப்டன் ரெண்டு நிமிஷம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு 'இன்னைக்கு இவ்வளவுதான், டெர்மினல் கேட்டுக்கே திரும்பலாம்' என்றார். அவர் சொன்னதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அந்த முடிவை நானாக எடுத்திருப்பேனா என்று யோசித்தபோது, பக்கத்தில் யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்திருப்பேன் என்று தெரிந்தது. கேப்டனுக்குப் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை, இருப்பவர் ஆறு மாதம் முன்பு சேர்ந்த புதுப் பையன், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதனால் அடுத்த ஒரு வருஷம் ஒவ்வொரு செக்டாரிலும், கேப்டன் வாயைத் திறப்பதற்கு முன் என் முடிவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பெரும்பாலும் ஒத்துப்போனது. ஒத்துப்போகாத இடங்களில் ஏன் என்று கேட்டேன், சிலர் எரிந்து விழுந்தார்கள், பலர் சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாவது அழைப்பு வந்ததும் போய்விட்டேன்.

அதனால் லீவுக் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அதை ஒதுக்கியும் வைக்காதீர்கள். பெரிய கம்பெனிக்குப் போகும் எண்ணம் இருந்தால் கேப்டனாகப் பறந்த மணி நேரம் லாக்புக்கில் தனி மதிப்பு. ஆனால் கேப்டனாகி ரிசர்வில் வீட்டில் உட்கார்ந்தால் அந்த மணி நேரம் ஆமை வேகத்தில்தான் ஏறும், உங்கள் பேஸில் ரிசர்வ் கேப்டன்கள் மாதம் எவ்வளவு பறக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏர்லைனில் 1000 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற விதியை உங்கள் மூன்று வருஷம் தாண்டியிருக்கும், அதனால் வாசல் திறந்தே இருக்கும். இன்னொன்று, கேப்டன் பயிற்சியில் தோற்றால் அந்தப் பதிவு போகிற இடமெல்லாம் கூடவே வரும், அடுத்த கம்பெனி எடுத்துப் பார்க்கும். தயாராக இல்லாதபோது போய்த் தோற்பதைவிட ஆறு மாதம் தள்ளிப் போவது எவ்வளவோ மேல். தயார்தான், சோம்பல்தான் தடுக்கிறது என்றால், கிளம்புங்கள்.

கேள்வி: 46 வயது, ரீஜனல் கேப்டன். மாத அட்டவணை என் இஷ்டப்படி கிடைக்கிறது. இப்போது பெரிய ஏர்லைன் கூப்பிடுகிறது. இந்த வயதில் கடைசி எண்ணிலிருந்து தொடங்க வேண்டுமா?
– ஒரு கேப்டன்

பதில்: ஐயா, கணக்கு எளிது, முடிவுதான் கஷ்டம். ஓய்வு வயது 65, ஆக 19 வருஷம் இருக்கிறது. கம்பெனி மாறினால் பழைய எண்ணுக்குச் செல்லாக் காசு மதிப்பு, 25 வயதுப் பெண் ஒருத்தி முந்தின வாரம் சேர்ந்திருந்தால் கடைசிவரை உங்களுக்கு மேலேதான். அந்தக் கம்பெனியில் அடுத்த பத்து வருஷத்தில் எத்தனை பேர் 65-ஐத் தொடுகிறார்கள் என்று பாருங்கள். அது பெரிய எண்ணிக்கை என்றால் உங்கள் எண் தானாக ஏறும், அவர்களில் பலர் நாற்பதிலேயே நிற்கிறார்கள் என்றால் ஏறாது. 40 தாண்டியதும் முதல் வகுப்பு மருத்துவச் சான்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு ஈசிஜி எல்லாத் திட்டத்தையும் மாற்றிவிடும். மருத்துவத்தில் லைசன்ஸ் போனால் பணம் தரும் இன்சூரன்ஸ் இரண்டு இடத்திலும் எப்படி இருக்கிறது என்று ஒப்பிடுங்கள்.

ரீஜனலிலேயே ஓய்வு பெற்ற கேப்டன்களோடு பறந்திருக்கிறேன், அவர்களில் தோற்றுப்போன முகம் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாளில் ஐந்து முறை இறக்கி ஏற்றுகிற வேலையை ரசித்துச் செய்தவர்கள் அவர்கள். நீங்களும் அந்த ரகமா என்று உங்கள் வீட்டில் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

கேள்வி: விமானிகளுக்கு மணிக்கணக்கில் சம்பளம் என்கிறார்களே, அப்படியானால் தாமதமானால் லாபம்தானே?
– ஒரு பயணி

பதில்: நீங்கள் கேட்டில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கும் அந்த மூன்று மணி நேரம் பெரும்பாலான ஒப்பந்தங்களில் எங்கள் சம்பளக் கணக்கில் வராது. விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து இறங்கி நிற்கும்வரைதான் மணி ஓடும். சுற்றி வந்து சோதிப்பது, பேப்பர் வேலை, அடுத்த விமானத்துக்காகக் காத்திருப்பது எதுவும் அதில் இல்லை, அதனால் 12 மணி நேர டியூட்டியில் 5 மணி நேரத்துக்கு மட்டும் காசு வாங்கிய நாட்கள் எனக்கு எத்தனையோ. சின்ன விமானக்காரர்களுக்கு இது இன்னும் மோசம், செக்டார் குட்டையாக இருப்பதால் தரையில் நிற்கும் நேரம்தான் அதிகம். அடுத்த முறை தாமதமானால் காக்பிட் பக்கம் முறைக்காதீர்கள், உள்ளே இருவரும் உங்களைவிட அவசரத்தில் இருக்கிறார்கள்.