முதலில் ஒரு ஜோடி தைக்கட்டும்

மகனின் மேற்படிப்புக்கு என்னிடம் ஆலோசனை கேட்டுப் போன வாரம் வந்த அம்மா உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு ஷூவை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒற்றை ஷூ. அடிப்பாகம் முழுக்கப் பிரிந்து, உள்ளே நிரப்பியிருந்த கார்க்கும் ஒரு சின்ன இரும்புப் பட்டையும் வெளியே தெரிந்தன. “அவங்க அப்பா ஆபீஸ் ஷூ சார். பிரிச்சுப் போட்டுட்டான்.” பள்ளிப் படிப்பை முடித்த மகன் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான் என்று பெரியப்பா முடிவு செய்துவிட்டார். இவனுக்கோ கையால் ஷூ செய்யக் கற்க வேண்டும். “செருப்பு தைக்கவா இவ்வளவு படிக்க வெச்சோம்னு வீட்டுல தினமும் சண்டை.”

முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். பிறகு அவனைப் பார்த்து, “இந்த இரும்புப் பட்டை எதுக்குத் தம்பி?” என்றேன். “குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவுல ஷூ தரையில படாம தூக்கி நிக்குதுல்ல சார், அந்த இடம் தொய்ஞ்சு போகாம இருக்க.” யாரும் சொல்லித் தரவில்லை, பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறான். அதற்கு மேல் எனக்கு ஆறுதல் பேச வாய் வரவில்லை.

அம்மா, நேராகவே சொல்கிறேன். கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதை விடுங்கள். ஆசையே இல்லாத பையனைக் கடன் வாங்கி நாலு வருஷம் ஒரு வகுப்பில் உட்கார வைக்க, பெரியப்பாவின் கௌரவம் போதுமான காரணம் இல்லை. தவணை கட்டப்போவது அவர் இல்லை. சித்தப்பா ஒரு நடுவழி சொல்கிறாராமே, ஷூதான் வேண்டுமென்றால் வெளிநாட்டில் காலணி டிசைன் பட்டம் படிக்கட்டும் என்று? அதற்கும் இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். ஒரு ஜோடியைக்கூடத் தன் கையால் முடித்துப் பார்க்காதவனுக்காக அவ்வளவு பெரிய கடனில் தலையைக் கொடுக்காதீர்கள்.

நான் சொல்வது சிறிய வழி. கையால் ஷூ செய்யும் கைவினைஞர்கள் பட்டறையிலேயே நடத்தும் குறுகிய கால வகுப்புகள். இரண்டு நாள் வகுப்பில் ஒரு சாண்டலோ, மொக்காசின் என்கிற மெல்லிய தோல் ஷூவோ முடிக்கலாம். ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் லேஸ் கட்டும் முழு ஷூ. சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத் தோலை, யார் வெட்டுவார்கள்? ஏற்கெனவே வெட்டிவைத்த துண்டுகளைக் கையில் கொடுத்து ஒட்டச் சொன்னால் அது பொழுதுபோக்கு. பேட்டர்ன், அதாவது தோலை வெட்டுவதற்கான அச்சு, எடுப்பதிலிருந்து பையனே செய்ய வேண்டும்.

அங்கே என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். முதலில் லாஸ்ட். பாதத்தின் வடிவில் செதுக்கிய மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் கட்டை. அதன்மேல் காகித டேப்பை இடைவெளி இல்லாமல் ஒட்டி, டிசைனைப் பென்சிலால் வரைந்து, டேப்பை உரித்துத் தட்டையாக அட்டையில் பரப்புவார்கள். உருண்ட பரப்பு தட்டையில் அடங்காது, எங்காவது சுருங்கும். எங்கே வெட்டிவிடுவது, எங்கே சேர்ப்பது என்பதுதான் வித்தை. “அவன் கணக்கெல்லாம் வீணாகுதே” என்றீர்களே, வீணாகாது. ஐரோப்பிய அளவில் ஒரு எண் என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, 42 என்றால் லாஸ்டின் நீளம் 28 செ.மீ. பிரிட்டிஷ் அளவில் ஒரு எண் என்பது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒன்று. இதெல்லாம் முதல் நாளே வந்துவிடும்.

அடுத்தது தோல். முதுகுப் பக்கத்துத் தோல் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுபடும். ஷூவின் முன்பக்கத்துக்கு வயிற்றுத் தோலை வெட்டினால் கொஞ்ச நாளிலேயே சுருக்கம் விழுந்துவிடும். வெட்டிய ஓரங்களைக் கத்தியால் சீவி மெல்லியதாக்கித் தைத்தபின், ஈரப்படுத்தி லாஸ்டின்மேல் இழுத்துப் பிடிக்க வேண்டும். முனை, குதிகால், பிறகு இரு பக்கமும். இடுக்கியால் இழுத்து, ஒரு ஆணி. இழுத்து, இன்னொரு ஆணி. மடிப்பு விழுந்தால் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி. கடைசியில் அதை அடிப்பாகத்தோடு சேர்க்க, வளைந்த குத்தூசியால் துளையிட்டு, மெழுகிட்ட நூலின் இரு முனைகளையும் எதிரெதிராக ஒரே துளை வழியே இழுப்பார்கள். நூல் ஒரு இடத்தில் அறுந்தாலும் தையல் பிரிந்து ஓடாது. (இரண்டாம் நாள் விரல் கொப்பளிக்கும். மருந்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.)

மெஷின் இருக்கும்போது கையால் எதற்கு என்று பெரியப்பா கேட்பார். சுரினாமில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன யான் மாட்செலிகர் என்ற தொழிலாளி, தோலை லாஸ்டில் இழுத்துப் பொருத்தும் இயந்திரத்துக்கு 1883-இல் காப்புரிமை வாங்கினார். கையால் ஒரு நாளைக்கு ஐம்பது ஜோடி பொருத்திய இடத்தில் அது பல நூறு ஜோடி பொருத்தியது. அதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? தொழிற்சாலையில் கைவேலைக்காரர்களின் விரல் அசைவைப் பார்த்துப் பார்த்துத்தான். இன்றும் தொழிற்சாலையில் மாதிரி ஷூ செய்கிறவருக்கும், பேட்டர்ன் போடுகிறவருக்கும் இந்த விரல் அறிவு வேண்டும். சர்க்கரை நோயில் உணர்ச்சி போன பாதம், இரண்டும் ஒரே நீளத்தில் இல்லாத கால்கள், இவற்றுக்கெல்லாம் அளவெடுத்துத்தான் ஷூ செய்ய வேண்டும். சோல் மாற்றும் ரிப்பேர் வேலையும் அவமானம் இல்லை, தினமும் கைக்காசு வரும்.

செலவு விஷயத்தில் நான் கறார். வகுப்புக் கட்டணத்தோடு கணக்கு முடியாது. கத்தி, இடுக்கி, குத்தூசி, சுத்தியல் இவற்றை ஒருமுறை வாங்கினால் போதும். தோல் அப்படி இல்லை, சதுர அடிக் கணக்கில் வாங்க வேண்டும், தொடக்கத்தில் பாதி கழிவாகப் போகும். பலரும் மறப்பது லாஸ்ட்: ஒவ்வொரு அளவுக்கும், ஒவ்வொரு குதிகால் உயரத்துக்கும் தனி ஜோடி. அவனுடைய அளவில் ஒரே ஒரு ஜோடி வாங்குங்கள். தையல் மெஷின் இப்போது வேண்டவே வேண்டாம். வகுப்பு முடிந்ததும் கடை வைத்துக் கொடுக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். இரண்டு வாரத்தில் ஷூ ஒன்று கிடைக்கும், ஷூக்காரர் கிடைக்க மாட்டார். அதற்கு இன்னும் இருபது, முப்பது ஜோடியாவது கெடுக்க வேண்டும்.

தம்பி, உனக்கும் ஒன்று. முதல் ஜோடி கோணலாகத்தான் வரும். அப்போது தையலைப் பிரித்து மறுபடி தைக்கத் தோன்றுகிறதா, போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகத் தோன்றுகிறதா, இதை மட்டும் கவனி. இரண்டாவது என்றால் என்னிடம் வந்து சொல், வெட்கப்படாதே. வேறு வழி பார்ப்போம். அம்மா திட்டமாட்டார், நான் பேசிக்கொள்கிறேன். முதலாவது என்றால் அடுத்த ஜோடிக்குப் பெரியப்பாவின் பாதத்தை அளந்துகொண்டு வா. இரண்டு காலையும் அள, நிற்க வைத்து அள, சாயங்காலமாக அள. காலையில் அளந்து தைத்தால், பாதம் வீங்கும் நேரத்துக்கு ஷூ கடிக்கும். பிறகு அதற்கும் அவர் உன்னைத்தான் சொல்வார்.