பாட்டியின் தங்கமும் பேத்தியின் வாட்ச்சும்

அன்புள்ள அண்ணா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அம்மா போன வருடம் தவறினார். அவருடைய நகையில் என் பங்காக ஒரு கெம்புக்கல் அட்டிகை, அறுந்த இரட்டைவடச் சங்கிலி, தேய்ந்துபோன நான்கு வளையல், ஜோடி இல்லாத ஒரு கல் தோடு வந்தது. அம்மாவுக்கு 1964ல் கல்யாணம். எல்லாமே அப்போது ஊர் ஆசாரியிடம் செய்தது. முத்திரை கிடையாது, ரசீதும் இல்லை. என் மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பாட்டி நகையைப் போட்டுக்கொள்ள மாட்டேன், அதை விற்று ஒரு நல்ல சுவிஸ் வாட்ச் வாங்கிக் கொடு, தினமும் கட்டுவேன் என்கிறாள். அண்ணியும் நாத்தனாரும் "தங்கத்தை விற்றுக் கடிகாரமா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். வேலூரில் இரண்டு கடைகளில் காட்டினேன், இருவர் சொன்ன விலைக்கும் பெரிய வித்தியாசம். அப்பாவின் எச்எம்டி காஞ்சன் வாட்ச் ஒன்றும் இருக்கிறது, தங்க நிறம். கடைக்காரர்கள் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. விற்பது சரியா? ஏமாறாமல் எப்படி விற்பது? வாட்ச் வாங்கினால் அதற்கு மதிப்பு நிற்குமா?

எம்., குடியாத்தம்

அன்புள்ள எம்.,

விற்கலாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் கேள்விகளைவிடக் குற்றவுணர்ச்சிதான் அதிகம் தெரிகிறது. அறுந்த சங்கிலியும் தேய்ந்த வளையலும் ஒற்றைத் தோடும் பீரோவில் கிடப்பதால் அம்மாவுக்கு எந்த மரியாதையும் கூடிவிடாது. அட்டிகையை மட்டும் விற்காதீர்கள். பாசத்துக்காகச் சொல்லவில்லை, கணக்குப்படியே அது நஷ்டம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரு பதில். கைக்கடிகாரம் பெண்களின் நகையாகத்தான் பிறந்தது. நேப்பிள்ஸ் ராணி கரோலின் முரா 1810ல் பிரெகே என்ற கடிகாரக் கலைஞரிடம் கையில் கட்டிக்கொள்ள ஒன்று செய்யச் சொன்னார். 1868ல் பட்டேக் பிலிப் என்ற சுவிஸ் கம்பெனி ஒரு ஹங்கேரியச் சீமாட்டிக்குத் தங்க வளையலிலேயே கடிகாரம் வைத்துச் செய்து கொடுத்தது. அந்தக் காலத்து ஆண்கள் சங்கிலி போட்டுச் சட்டைப் பையில்தான் கடிகாரம் வைத்திருந்தார்கள், மணிக்கட்டில் கட்டுவது பெண்பிள்ளை சமாச்சாரம் என்று ஒதுக்கினார்கள். முதல் உலகப் போர்தான் அதை மாற்றியது. பதுங்குகுழியில் ஒரு கையில் துப்பாக்கி இருக்கும்போது பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மூடியைத் திறந்து பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? இந்த நிமிடத்தில் பீரங்கி சுடும், அடுத்த நிமிடத்தில் நீ முன்னேற வேண்டும் என்கிற போர் அது. வேலூர் லாங் பஜாரில் நகைக்கடைகளுக்குப் போகும்போது மணிக்கூண்டைப் பார்த்திருப்பீர்கள், அதில் அந்தப் போருக்கு இந்த ஊரிலிருந்து போனவர்களுக்கான கல்வெட்டு இருக்கிறது. போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களின் கையில் கடிகாரம் இருந்தது, அதற்குப் பிறகு அதைப் பெண்பிள்ளை சமாச்சாரம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆக உங்கள் மகள் பாட்டியின் வளையலுக்குப் பதிலாக இன்னொரு நகையைத்தான் கேட்கிறாள், தினமும் போட்டுக்கொள்கிற நகையை. இதில் அவமரியாதை எங்கே இருக்கிறது?

சரி, விற்பதற்கு வருவோம்.

இரண்டு கடையில் இரண்டு விலை சொன்னதற்கு யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்பது மட்டும்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. நூற்றில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்பதைத்தான் கடைக்காரர்கள் டச் என்கிறார்கள். இன்றைய 916 நகை, அதாவது 22 காரட் என்றால் 91.6 டச். ஹால்மார்க் இல்லாத பழைய நகையில் அது எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். அதிலும் உங்கள் அம்மாவின் கல்யாண வருடம் கவனிக்க வேண்டியது. 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, தங்கக் கட்டுப்பாடு வந்து 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று ஆனது. ஏராளமான ஆசாரிகள் பிழைப்பு இழந்தார்கள். 1966ல் அந்தத் தடை தளர்ந்தது. இடைப்பட்ட வருடங்களில் வீட்டிலிருந்த பழைய தங்கத்தைக் கொடுத்துச் செய்தவர்களும் உண்டு, சட்டப்படி குறைந்த காரட்டில் செய்தவர்களும் உண்டு. 14 காரட் என்றால் 58 டச் சொச்சம்தான். அதனால் தரம் குறைவாக வந்தால் உடனே கோபப்படாதீர்கள், நிரூபித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று பொடி. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் பொடி வைத்துப் பற்றவைத்தது, அந்தப் பொடியில் தங்கம் குறைவு. எனவே ஒரே ஆசாரி ஒரே தங்கத்தில் செய்திருந்தாலும் சங்கிலியின் டச் வளையலைவிடக் குறைவாக வரும். கடையில் நகையை வைத்துப் பார்க்கிற எக்ஸ்ரே இயந்திரம் மேல்பரப்பைத்தான் படிக்கிறது. பற்றவைத்த இடத்தில் வைத்தால் ஒரு எண், வளையலின் நடுவில் வைத்தால் வேறு எண். இயந்திரம் பொய் சொல்வதில்லை, எந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்கள் என்று நீங்கள்தான் கவனிக்க வேண்டும். உருக்கிப் பார்த்தால் உண்மை தெரியும். ஆனால் உருக்கிவிட்டால் நகை போய்விடும், கட்டிதான் மிஞ்சும். அதனால் உருக்குவதற்கு முன்பே, விலை பிடிக்கவில்லையென்றால் கட்டியைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டு, சரி என்று சொன்னால் மட்டும் கொடுங்கள். ஹால்மார்க் முத்திரைக்குப் பொறுப்பான அரசு அமைப்பு பிஐஎஸ், அதன் அங்கீகாரம் பெற்ற மையத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டித் தரம் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சீட்டோடு கடைக்குப் போனால் பேச்சின் தோரணையே மாறும்.

வளையலையும் சங்கிலியையும் தோட்டையும் தனித்தனியாக எடை போடச் சொல்லுங்கள். ஒன்றாகத் தட்டில் போட்டு, இருப்பதிலேயே குறைந்த டச்சை மொத்த எடைக்கும் வைத்து விலை சொல்வது நடக்கிறது. தோட்டின் கல்லை உங்கள் கண் முன்னால் எடுத்துவிட்டு மறுபடி எடை போட வேண்டும், கல்லையும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கணக்கு. சங்கிலி 34 கிராம், 85 டச் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுத்தத் தங்கம் 28.9 கிராம். அதை 0.916 ஆல் வகுத்து 22 காரட் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய முப்பத்தொன்றரை கிராம். பலகையில் எழுதியிருக்கிற அன்றைய 22 காரட் விலையை அதோடு பெருக்குங்கள், அதுதான் உங்களுக்கு வர வேண்டிய பணம். டச் பார்த்தே விலை போட்ட பிறகு "பழைய நகைக்குக் கழிவு" என்று மேலும் சில சதவீதம் பிடித்தால் ஒரே குறைக்கு இரண்டு முறை பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். உருக்கும்போது கொஞ்சம் எடை குறைவது இயற்கை, அதைத் தராசில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்படுகிற பெண்களால்தான் எத்தனையோ வீடுகளில் பவுன் கணக்கில் நஷ்டம்.

உங்களுக்குப் புது நகை வேண்டாம் என்பதால் எக்ஸ்சேஞ்ச் பேச்சுக்கே போக வேண்டாம். பழையதற்கு ஒன்றும் பிடிக்க மாட்டோம் என்பவர்கள் புதியதன் சேதாரத்தில் எடுத்துவிடுவார்கள். பணமாகக் கேளுங்கள். வருமான வரி விதியால் கடைகள் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரத் தயங்கும், வங்கிக் கணக்கில் வாங்குவதுதான் உங்களுக்கும் நல்லது. நம் பழைய நகையை நாம் விற்பதற்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் லாபத்துக்கு வருமான வரி உண்டு. அம்மா வைத்திருந்த காலமும் சேர்வதால் நீண்டகால ஆதாயம், 12.5 சதவீதம். 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்கவிலையாகக் காட்டலாம், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அட்டிகை. கெம்புக்கல்லுக்குக் கடையில் ஒரு ரூபாய்கூடத் தர மாட்டார்கள். கல்லுக்கு அடியில் இருக்கும் அரக்குக்கும் எடை கழிப்பார்கள். மிஞ்சுகிற கொஞ்சம் தங்கத்துக்குத்தான் விலை, ஆசாரி உட்கார்ந்து கட்டிய வேலைக்கு ஒன்றும் இல்லை. அதே மாதிரி அட்டிகையைப் புதிதாக வாங்கப் போனால் அந்த வேலைக்குத்தான் செய்கூலி, சேதாரம் என்று கணிசமாகக் கட்ட வேண்டும். விற்கும்போது வேலைக்கு மதிப்பில்லை, வாங்கும்போது வேலைக்குத்தான் விலை என்கிற இந்த ஏற்பாட்டில் நல்ல வேலைப்பாடு உள்ள பொருளை உருக்கக் கொடுப்பது எனக்கு மனசாரப் பிடிக்காது. பேத்தி இன்றைக்குப் போட மாட்டாள். உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

வாட்ச்சுக்கு மதிப்பு நிற்குமா என்றால், தங்கம் போல நிற்காது. பெரும்பாலான வாட்ச்சுகள் கடை வாசலைத் தாண்டியதுமே விலை இறங்கும். ஏறுவது ஒரு சில கம்பெனிகளின் ஒரு சில மாடல்கள், அவை நம் கணக்கில் வராது. தங்கத்திலேயே செய்த வாட்ச் என்றால் இரண்டும் கிடைக்குமே என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். 2015ல் ஆப்பிள் 18 காரட் தங்கத்தில் வாட்ச் விட்டது, ஆரம்ப விலை பத்தாயிரம் டாலர். 2018ல் வந்த புது மென்பொருள் அதில் ஓடவில்லை. கூட்டில் இருக்கிற தங்கம் அப்படியே இருக்கிறது, உள்ளே இருந்தது பழசாகிவிட்டது. சாதாரணத் தங்க வாட்ச்சிலும் கொஞ்சம் இதே கதைதான், நகைக்கடையில் கொடுத்தால் உள்ளே இருக்கிற இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூட்டை மட்டும் எடை போடுவார்கள், அதுவும் பெரும்பாலும் 75 டச்.

வாட்ச் உலகத்தில் உலோகமும் விலையும் பிரிந்து ரொம்ப நாளாகிறது. 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ, பேட்டரியில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்றபோது தங்கக் கூட்டில்தான் விற்றது, நாலரை லட்சம் யென். சில வருடங்களில் அதே குவார்ட்ஸ் மலிவாகி, எந்தச் சின்ன வாட்ச்சும் சுவிஸ் வாட்ச்சைவிடச் சரியாக நேரம் காட்ட ஆரம்பித்தது. நேரம் பார்ப்பதற்காக விலை உயர்ந்த வாட்ச் வாங்கத் தேவையே இல்லை என்று ஆனதும் அது முழுக்க அலங்காரப் பொருளானது. 1972ல் ஆடெமார் பிகே என்ற சுவிஸ் கம்பெனி வெறும் ஸ்டீலில் செய்த வாட்ச்சைத் தங்க வாட்ச்சுகளின் விலைக்கு மேல் வைத்தது, 1983ல் ஸ்வாட்ச் பிளாஸ்டிக்கில் சட்டைக்கு ஒன்று என்று மாற்றிக் கட்டவைத்தது. நம் பக்கத்தில் இதைச் செய்தது டைட்டன். டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து ஓசூரில் தொடங்கியது. அதே கம்பெனிதான் பிறகு தனிஷ்க் என்று நகைக்கு வந்து, தொண்ணூறுகளின் கடைசியில் கடைகளில் கேரட் மீட்டரை வைத்து, 22 என்று நம்பி வாங்கிய நகை எத்தனை காரட் என்று ஜனங்களுக்குக் காட்டியது.

அதனால் என் யோசனை இதுதான். வாட்ச்சை அலங்காரமாக வாங்குங்கள், சேமிப்பு என்று சொல்லிக்கொண்டு வாங்காதீர்கள். ஒரு வளையலை விற்ற பணத்துக்குள் ஸ்டீலில் ஒன்று. மகள் கட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும், பில்லும் வாரண்டி அட்டையும் பத்திரமாக இருக்கட்டும். சாவி கொடுப்பதோ ஆட்டோமேட்டிக்கோ என்றால் சில வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செலவு உண்டு, அதையும் இப்போதே அவளிடம் சொல்லுங்கள். மீதிப் பணத்தில் ஹால்மார்க் உள்ள தங்க நாணயம் வாங்கிவிட்டால் அண்ணியின் கவலைக்கும் பதில் கிடைத்துவிடும்.

அப்பாவின் காஞ்சன் தங்கம் இல்லை, முலாம். பின்மூடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பொறித்திருக்கும், பாருங்கள். இந்த மாதிரி முலாம் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும், 10 மைக்ரான் என்றாலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நகைக்கடைக்காரர் தொடாததற்கு அதுதான் காரணம், அவர் மேல் தப்பில்லை. ஆனால் மாப்பிள்ளைக்குக் கொடுக்கக் காஞ்சன் கிடைக்குமா என்று ஜனங்கள் தேடி அலைந்த காலம் ஒன்று இருந்தது. எச்எம்டி வாட்ச் தயாரிப்பை மூடுவதென்று 2016ல் அரசு முடிவெடுத்த பிறகு பழைய எச்எம்டிகளைத் தேடி வாங்குகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். பழைய ஆட்டோமேட்டிக் வாட்ச் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து எண்ணெய் போடச் சொல்லுங்கள். கூட்டை மட்டும் பாலீஷ் போட விடாதீர்கள், இருக்கிற முலாமும் போய்விடும். ஓட ஆரம்பித்ததும் மகளிடம் ஒருமுறை கட்டிப் பார்க்கக் கொடுங்கள், இப்போது பெண்கள் பெரிய டயல் விரும்பிக் கட்டுகிறார்கள். சுவிஸ் வாட்ச்சுக்கு வேலையே இல்லாமல் போகவும் வாய்ப்பிருக்கிறது.

சங்கிலியை உருக்கினால் எத்தனை டச் வந்தது என்று எழுதுங்கள், 1964ல் செய்த நகை என்பதால் தெரிந்துகொள்ள ஆசை.