தாத்தாவின் ஆதாரக்கட்டை எப்படிப் படிப்பது?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், தக்கலையில் ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதும் தொழிலில் இருந்து ஓய்வுபெற்றவர்)

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருவட்டாறு. குடும்ப வரலாறு தேடுவது பற்றி இணையத்தில் இரண்டு இலவச வகுப்புகள் முடித்தேன். இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்கு, அமெரிக்கா போன கப்பல்களின் பயணிகள் பட்டியல் என்றே போகிறது. எங்கள் வீட்டிலோ தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியில் மலையாளத்தில் எழுதிய ஆதாரக்கட்டு இருக்கிறது. ஒன்றில் 1079 என்று போட்டிருக்கிறது. அடுத்து எந்த வகுப்பில் சேரலாம்?

பதில்: எதிலும் சேர வேண்டாம், பெட்டியைத் திறங்கள். அந்த வகுப்புகளைக் குறை சொல்லவில்லை. எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று குறித்து வைப்பதும், ஒரு சான்றை இன்னொன்றோடு ஒத்துப் பார்ப்பதும் எல்லா ஊருக்கும் பொது. அதை நீங்கள் படித்தாகிவிட்டது. மற்றதை நம் ஊர்க் காகிதம்தான் சொல்லித் தரும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்தான். அதற்கு முன்னால் திருவிதாங்கூர் நடைமுறை. பெரும்பாலும் மலையாள எழுத்து, கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக்கணக்கு, சக்கரம் என்ற பழைய நாணயக் கணக்கு.

முதலில் ஆண்டு. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824 கூட்டுங்கள், அதற்கப்புறம் 825. உங்கள் 1079 என்பது 1903 ஆகஸ்டிலிருந்து 1904 ஆகஸ்ட் வரை. மாதம் சிங்ஙம், கன்னி, துலாம் என்று ராசிப் பெயரில் இருக்கும். சிங்ஙம் நம் ஆவணி, துலாம் ஐப்பசி. கணக்கு சரியா என்று பார்க்க, எல்லா இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட திருவிதாங்கூர் ஆலயப் பிரவேச அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 1112 துலாம் 27, அதாவது 1936 நவம்பர் 12. பணத்துக்கு, திருவிதாங்கூர் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு.

அப்புறம் எழுத்து. இன்றைய பாலபாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடுவீர்கள். 1971-ல் கேரளம் எழுத்துச் சீர்திருத்தம் செய்து பல கூட்டெழுத்துகளைப் பிரித்துவிட்டது. உங்கள் கட்டில் இருப்பது பழைய கூட்டெழுத்து. எண்களும் மலையாள எண்களாக இருக்கலாம். பழைய அச்சுப் புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பழகுங்கள். பேச்சில் மலையாளம் கலந்த திருவட்டாற்றுக்காரருக்குச் சொற்கள் அந்நியமில்லை, கண்தான் பழக வேண்டும்.

பழகிவிட்டால் வேகம் தானாக வரும், ஏனென்றால் ஆதாரம் எழுதுகிறவன் புதிதாக எதையும் யோசிப்பதில்லை. (நானும் யோசித்ததில்லை.) தேதி, எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், சொத்து எப்படி வந்தது, எவ்வளவு தொகை, நான்கெல்லை, சாட்சி. எல்லாவற்றிலும் இதே வரிசைதான். இதில் “சொத்து எப்படி வந்தது” என்ற இடத்தில் நில்லுங்கள். முந்தைய ஆதாரத்தின் எண்ணும் ஆண்டும் அங்கே இருக்கும். அதைப் பிடித்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டால் ஒரு தலைமுறை பின்னால் போகலாம். எல்லைக்காரர்களையும் சாட்சிகளையும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிலம் பங்காளிகளுக்குள் பிரிந்திருந்தால் கிழக்கெல்லைக்காரர் உங்கள் தாத்தாவின் சித்தப்பாவாகக்கூட இருப்பார். ஒவ்வொரு பெயரையும் வீட்டுப்பெயரோடு நோட்டில் ஏற்றுங்கள்.

தடுமாறும் இடத்தில் சார்பதிவாளர் அலுவலகப் பக்கம் போய்ப் பழைய கையெழுத்துப் படிக்கத் தெரிந்த ஆதாரம் எழுத்துக்காரரை விசாரியுங்கள். ஒரு சாயா வாங்கிக் கொடுத்தால் எந்த வகுப்பிலும் கிடைக்காததைச் சொல்லித் தருவார். இந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், சீக்கிரம் போங்கள். திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்துக்குப் பிறகு போகலாம். அங்கே ஓலைச்சுருணைகள் (பழைய ஓலை ஆவணக் கட்டுகள்) உண்டு, ஆனால் என்ன கேட்பது என்று தெரியாமல் போனால் ஒரு நாள் வீண். போகுமுன் நாகமய்யாவின் திருவிதாங்கூர் மானுவலில் (1906) நிலவரி பற்றிய பகுதியை மட்டுமாவது படியுங்கள். பாட்டம் (குத்தகை), ஒற்றி (நில அடமானம்), பகுதி, பிடாகை (அன்றைய ஊர்ப் பிரிவுகள்) எல்லாம் அப்போது பிடிபடும்.

கேள்வி: வடசேரியில் இருக்கிறோம், நாஞ்சில் நாட்டு வெள்ளாளர். கொள்ளுத்தாத்தா பேரில் உள்ள பழைய ஒற்றி ஆதாரத்தில் அவருடைய அப்பா பெயரே இல்லை, மாமன் பெயர்தான் இருக்கிறது. எழுதியவர் பிழையா?

பதில்: எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார் அம்மா. அது மருமக்கள்வழிக் காலம். சொத்து மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். காரணவர் என்றால் குடும்பத்தின் மூத்த ஆண், அனந்தரவர் என்றால் அவருக்குப் பின்னால் வருகிறவர். 1926-ல், கொல்லம் 1101-ல், நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்த பிறகே பிள்ளைகளின் உரிமை உறுதியானது. நாயர், ஈழவர் சட்டங்கள் அதற்கு முந்தின கொல்லம் ஆண்டில் வந்தன.

கம்ப்யூட்டர் மென்பொருளில் அப்பா, அப்பாவுக்கு அப்பா என்று ஏறிக்கொண்டே போனால் உங்கள் வீட்டில் பாதை அங்கேயே முடிந்துவிடும். அம்மா, அம்மாவின் அம்மா, அவர்களுடைய சகோதரர்கள் என்று முதலில் வரையுங்கள், அப்பாமார் பக்கவாட்டில் வரட்டும். இது தெரிந்த பிறகு ஏற்கனவே படித்த ஆதாரங்களை எல்லாம் திரும்ப எடுங்கள். யாரோ என்று தள்ளி வைத்த பெயர்களில் பாதிப்பேர் சொந்தக்காரராக இருப்பார்கள்.

கேள்வி: குளச்சல் பக்கம் கத்தோலிக்கக் குடும்பம். கோயில் ஏட்டில் ஞானஸ்நானத் தேதி தவிர வேறு ஏதாவது கிடைக்குமா?

பதில்: கல்யாண ஏட்டைக் கேளுங்கள். மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டினால் திருச்சபையின் தனி அனுமதி வேண்டும், அதை ஏட்டில் குறிப்பது வழக்கம். இருவரும் எத்தனை தலைமுறைக்கு முன் ஒரே வேர் என்பது அதிலிருந்து தெரியும். பழைய ஏடு லத்தீனில் இருந்தால் மிரள வேண்டாம், திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம் சொற்கள்தான். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களை விட்டுவிடாதீர்கள். கோட்டாறு மறைமாவட்டம் 1930-ல் கொல்லத்திலிருந்து பிரிந்தது என்பதால், அதற்கு முந்தைய கடிதப்போக்குவரத்தைக் கொல்லத்தில் விசாரிக்க வேண்டிவரும். திருவிழா நேரத்தில் மட்டும் பங்குத்தந்தையிடம் போய் நிற்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது. இனிமேல் மலையாள எழுத்துப் படித்து ஆகப்போவது என்ன?

பதில்: படிக்கலாம், ஆனால் உங்களுக்கு அதைவிட அவசரமான வேலை இருக்கிறது. எந்த வீட்டில் பெண் எடுத்தோம், எந்த வீட்டுக்குக் கொடுத்தோம், யார் எப்போது சிலோனுக்குப் போனார் என்பதையெல்லாம் பேரப்பிள்ளையின் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். பெட்டியில் உள்ள போட்டோக்களின் பின்னால் பெயர் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். மெல்லிய பென்சில் போதும்.